பழைய குடிப்பழக்கமும் அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதியும்: படிவத்துக்கு முன்பிருந்து மேல்முறையீடு வரை முழு வழிகாட்டி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த நிறுவனங்களில் பல வேலைகளுக்கு ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ என்கிற பாதுகாப்பு அனுமதி வேண்டும். குடியுரிமை வாங்கி, நல்ல வேலையும் கைக்கு வந்து, கடைசியில் அந்த அனுமதிக்காக நிரப்ப வேண்டிய எஸ்.எஃப்-86 படிவத்தில் குடியைப் பற்றிக் கேட்கும் பக்கத்தில் கை நின்றுபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் பாதுகாப்பு அலுவலராகப் பல ஆண்டுகள் இருந்தேன். ஊழியர்கள் நிரப்பும் படிவத்தில் விடுபட்டது ஏதும் உண்டா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. குடி சம்பந்தமான பழைய கதை உள்ளவர்கள் பெரும்பாலும் வேலைகளின் வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். படிவத்தை அனுப்பிவிட்டு நீதிமன்றத் தாளைத் தேடுவார்கள். அரசு கேள்வி கேட்டு எழுதிய பிறகு டாக்டரிடம் போவார்கள். அதே வேலைகளை முன்கூட்டியே செய்திருந்தால் அனுமதி கிடைத்திருக்கும் என்று நான் நம்பும் கோப்புகள் உண்டு.

நான் வழக்கறிஞர் இல்லை. கீழே வரும் ஒன்பது படிகளில் 8-ஆவது வரை போய்விட்டால் இந்தத் துறையில் பழக்கமுள்ள வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய படிகளை நீங்களே செய்யலாம், நீங்கள்தான் செய்யவும் வேண்டும். கீழே வரும் சம்பவங்களில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

1. எதை எடைபோடுகிறார்கள் என்று முதலில் படியுங்கள்

2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கும் ‘சீட் 4’ (SEAD 4) என்ற அரசு உத்தரவில், அனுமதி தரலாமா என்று தீர்மானிக்க ஏ முதல் எம் வரை 13 நெறிகள் இருக்கின்றன. குடியைப் பற்றியது ‘ஜி’. ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்செடுத்துப் படியுங்கள். பிறகு செய்யப்போகும் ஒவ்வொரு வேலையும் அதில் உள்ள ஏதோ ஒரு வரிக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

அந்த நெறியில் பாதகமானவை ஏழு. வேலைக்கு வெளியே குடியால் வந்த சம்பவம்: போதையில் வண்டி ஓட்டியது, அடிதடி, வீட்டில் மனைவியையோ குழந்தையையோ அடித்தது. வேலையிடத்தில் குடித்தது அல்லது போதையோடு வேலைக்கு வந்தது. நிதானம் இழக்கும் அளவுக்கு வழக்கமாகவோ ஒரே மூச்சிலோ குடிப்பது. மதுப்பழக்க நோய் என்று தகுதியுள்ள மருத்துவரோ மனநல வல்லுநரோ கண்டறிந்தது. கண்டறிந்த பிறகும் சிகிச்சை ஆலோசனையைப் பின்பற்றாதது. அந்த ஆலோசனைக்கு மாறாகக் குடித்தது. குடி தொடர்பான நீதிமன்ற உத்தரவை மீறியது.

முதல் மூன்று வரிகளிலும் ஒரு சின்ன வாசகம் சேர்ந்தே வரும்: நோய் என்று கண்டறியப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். “நான் குடிநோயாளி இல்லையே, எனக்கு எதற்கு இது” என்று சொல்பவர்கள் இந்த வாசகத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

சாதகமானவை நான்கு. நீண்ட காலம் கடந்துவிட்டது, அல்லது எப்போதோ அபூர்வமாக நடந்தது, இனி நடக்க வாய்ப்பில்லை என்பது ஒன்று. பிரச்சினையை ஒப்புக்கொண்டு, சரிசெய்ய எடுத்த நடவடிக்கைக்கு ஆதாரம் காட்டி, குறைத்தோ நிறுத்தியோ நிலையாக வாழ்ந்து காட்டுவது இரண்டாவது. இப்போது சிகிச்சையில் இருக்கிறார், முன்பு சிகிச்சை எடுத்துவிட்டு மறுபடி விழுந்த வரலாறு இல்லை, முன்னேற்றம் திருப்தியாக இருக்கிறது என்பது மூன்றாவது. சிகிச்சையையும் அதன் பின்தொடர் கவனிப்பையும் முடித்து நிலையாக இருப்பது நான்காவது.

ஆக, குடித்ததே தடை என்று எங்கும் எழுதவில்லை. இத்தனை ஆண்டு கழிந்தால் போதும் என்ற கணக்கும் கிடையாது. ஆனால் சுமை உங்கள் மேல்தான். 1988-இல் ஈகன் என்பவர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு அனுமதியைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்கும் இல்லை என்றும், தவறினால் மறுப்பின் பக்கமே தவற வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. அந்த மனிதரின் கோப்பிலும் பழைய குற்றத் தீர்ப்புகளோடு பழைய குடிப் பிரச்சினையும், வேலை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்ட தண்டனைகளும் இருந்தன. சந்தேகம் மிச்சமிருந்தால் அது உங்களுக்கு எதிராகப் போகும். அதனால்தான் காகிதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன்.

2. நடந்ததை எல்லாம் ஒரே தாளில் தேதிவாரியாக எழுதுங்கள்

படிவத்தைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. முதல் கோப்பையிலிருந்து இன்று வரை, ஆண்டுவாரியாக: எங்கே இருந்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், என்ன நடந்தது, யார் கண்டித்தார், எங்கே ஆலோசனை பெற்றீர்கள். நினைவில் தேதி இல்லாத இடத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். அந்தக் கேள்விக்குறிகளை ஆவணங்கள் நிரப்பும்.

வாங்க வேண்டியவை: கைதின் போலீஸ் அறிக்கை, வழக்கு எப்படி முடிந்தது என்று நீதிமன்றம் தரும் சான்றுப் பிரதி, மோட்டார் வாகனத் துறையின் ஓட்டுநர் வரலாறு, எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் உங்கள் சொந்தப் பதிவு, மது விழிப்புணர்வு வகுப்பு முடித்த சான்றிதழ், சிகிச்சை மையம் கொடுத்த முடிவுச் சுருக்கம். வேலையிடத்தில் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை வாங்கியிருந்தால் அதன் நகலும்.

ஏன் இவ்வளவு முன்னாடி? நீதிமன்றக் காகிதம் வரவே வாரக்கணக்கில் ஆகலாம். இன்னொரு காரணமும் உண்டு. நம் நினைவு நமக்குச் சாதகமாகவே வேலை செய்யும். “லேசாக ஊதச் சொன்னார்கள், அவ்வளவுதான்” என்று ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார். போலீஸ் அறிக்கையில் ரத்த ஆல்கஹால் 0.17 என்று இருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் வரம்பே 0.08தான். யூட்டாவில் 0.05. விசாரணை அதிகாரி அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுவார். நீங்களும் அதைப் படித்திருக்க வேண்டாமா?

வெளிநாட்டில் நடந்ததையும் சேருங்கள். நம்மவர்கள் தவறவிடுவது இதைத்தான். கல்லூரிக் காலத்தில் சென்னையிலோ கோவையிலோ போலீஸ் மடக்கி, மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் வழக்குப் போட்டு, அபராதம் கட்டிவிட்டு வந்திருப்பார்கள். இந்திய வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அமெரிக்க வரம்பான 0.08 என்பது 80 மில்லிகிராம். இங்கே குற்றமே ஆகாத அளவுக்கு அங்கே வழக்கு வந்திருக்கலாம். இருந்தாலும் அது மது தொடர்பான குற்றச்சாட்டு, படிவத்தில் வர வேண்டும். அளவு எவ்வளவு என்பதைக் குறிப்பில் எழுதினால் அதன் எடை தானாகக் குறையும்.

3. குடித்த அளவைச் சரியாகக் கணக்கிடுங்கள்

“எப்போதாவது ரெண்டு பெக்” என்ற பதில் பல இடங்களில் உங்களைச் சிக்கலில் மாட்டும். அமெரிக்காவில் ஒரு ‘டிரிங்க்’ என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் என்றால் 12 அவுன்ஸ், 12 சதவீத ஒயின் 5 அவுன்ஸ், 40 சதவீத விஸ்கி ஒன்றரை அவுன்ஸ், அதாவது சுமார் 44 மில்லி.

நம் ஊர்ப் பெக் 60 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். கணக்குப் போட்டால் ஒரு பெக்கில் ஏறத்தாழ 20 கிராம் வருகிறது. அது ஒன்றல்ல, கிட்டத்தட்ட ஒன்றரை டிரிங்க். 180 மில்லி குவார்ட்டர் என்றால் நான்கைத் தாண்டிவிடும். ஆண்களுக்கு இரண்டு மணி நேரத்தில் ஐந்து, பெண்களுக்கு நான்கு என்பதை அமெரிக்க மது ஆய்வு நிறுவனம் ‘பிஞ்ச்’, அதாவது ஒரே மூச்சில் குடிப்பது என்கிறது. ஒரு குவார்ட்டரோடு இன்னொரு பெக்கையும் வேகமாக முடித்தவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார், அவர் மனதில் அது “நாலு பெக்” மட்டுமே என்றாலும்.

வீட்டில் நீங்கள் ஊற்றும் கண்ணாடித் தம்ளரை எடுங்கள். வழக்கமாக எவ்வளவு ஊற்றுவீர்களோ அவ்வளவு தண்ணீர் ஊற்றி, அளவுக் கோப்பையில் கொட்டிப் பாருங்கள். என் மேசையில் இதைச் செய்து பார்த்த ஒருவர் 90 மில்லியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அதுவரை அவர் அதை ‘ஒன்று’ என்றே எண்ணி வந்தவர்.

இந்த எண் எதற்கு? டாக்டர், விசாரணை அதிகாரி, பின்னால் வரும் எழுத்துக் கேள்வி, நீதிபதி என்று நான்கு பேர் இதே கேள்வியைக் கேட்பார்கள். நான்கு இடத்திலும் வேறு வேறு எண் சொன்னால், குடியைவிட அந்த வேறுபாடே பெரிய பிரச்சினையாகிவிடும்.

4. படிவத்துக்கு முன்பே தகுதியுள்ளவரிடம் மதிப்பீடு எடுங்கள்

ஒரு சம்பவத்துக்கு மேல் இருந்தாலோ, ஒரே சம்பவமாக இருந்தும் ஆல்கஹால் அளவு அதிகமாக இருந்தாலோ, வீட்டில் இதைப் பற்றிச் சண்டை நடந்திருந்தாலோ, இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மருத்துவர், மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், உரிமம் பெற்ற மருத்துவ சமூகப் பணியாளர் ஆகியோரையே நெறி உதாரணமாகச் சொல்கிறது. கோயில் பெரியவரின் நற்சான்று நல்லதுதான், ஆனால் இந்த இடத்தை அது நிரப்பாது.

போகும்போது 2-ஆம் படியில் எழுதிய தேதித்தாளையும் போலீஸ் அறிக்கையையும் கொண்டுபோய்க் கொடுங்கள். தடுக்கி விழுபவர்கள் அதிகம் விழும் இடங்களில் இது ஒன்று. வாயால் சொன்னதை மட்டும் வைத்து “பிரச்சினை ஏதும் இல்லை” என்று எழுதிய மதிப்பீட்டை வாங்கி வருவார்கள். அரசு வழக்கறிஞர் கேட்பார்: இவருக்கு இரண்டாவது கைது பற்றித் தெரியுமா? தெரியாது என்றால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பே இல்லை. எதையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தேன் என்று வல்லுநர் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 என்ற மனநலக் கையேட்டில் மதுப்பழக்க நோய்க்கு 11 அறிகுறிகள் உண்டு. 12 மாதத்துக்குள் இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கைந்து நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ இருந்தால் தீவிரம். கடிதத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: நோய் இருக்கிறதா, இருந்தால் எந்த அளவு, என்ன பரிந்துரை, இனி எப்படி இருக்கும் என்று கருதுகிறார்.

பரிந்துரை என்ற சொல்லைக் கவனியுங்கள். நோய் என்று எழுதி “முழுவதும் நிறுத்த வேண்டும்” என்று பரிந்துரைத்துவிட்டால், அதன்பின் கல்யாண வரவேற்பில் குடிக்கும் ஒரு பீர்கூட நெறியின் பாதகப் பட்டியலில் போய் உட்காரும். நோய் இல்லை, அளவாகக் குடிக்கலாம் என்று எழுதியிருந்தால் அதே பீர் பிரச்சினை இல்லை. இருவருக்கும் பொதுவான ஒரே அறிவுரை இல்லை. உங்கள் கடிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் சட்டம்.

“சிகிச்சைக்குப் போனால் அதையே காரணமாக்கி மறுத்துவிடுவார்களே?” என்று கேட்காத ஆளே இல்லை. நெறியைத் திரும்பப் பாருங்கள். சிகிச்சை இருப்பது சாதகப் பட்டியலில். பாதகப் பட்டியலில் இருப்பது சிகிச்சை ஆலோசனையைக் காற்றில் விடுவது. பயந்துகொண்டு டாக்டரிடமே போகாமல் இருந்து, பிறகு எதையும் காட்ட முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மனதுக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும். வேலை போனதோடு, உதவியும் கிடைக்காமல் போயிருக்கும்.

5. மாற்றத்தைத் தொடங்குங்கள், அன்றே தடம் வைக்கத் தொடங்குங்கள்

நிறுத்துவது ஒன்று, நிறுத்தினேன் என்று காட்டுவது வேறு. இரண்டும் ஒரே நாளில் தொடங்கட்டும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற கூட்டத்துக்குப் போனால் தேதி, இடம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிகிச்சைத் திட்டத்தில் இருந்தால் மாதமொரு முறை முன்னேற்றக் குறிப்பு கேளுங்கள். ‘பெத்’ என்கிற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் குடித்தாரா என்று காட்டக்கூடியது. குறித்த இடைவெளியில் ஒழுங்காக எடுத்து வந்தால், உங்கள் வாய்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் நிற்கும். முழுமையாக நிறுத்த வேண்டியவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன்.

நீதிமன்றம் விதித்தது எதுவும் பாதியில் நிற்கக்கூடாது. வேறு மாநிலத்துக்கு வேலை மாறியபோது மது விழிப்புணர்வு வகுப்பில் கடைசி இரண்டு அமர்வைப் போகாமல் விட்டவர் ஒருவர் வந்தார். அவர் கணக்கில் அது சின்ன விஷயம். நெறிப்படி அது உத்தரவை மீறியது, தனியாக ஒரு பாதகம். ஒரே கைது இப்போது இரண்டு பிரச்சினை ஆகிவிட்டது. படிவத்தை அனுப்பும் முன் அதை முடித்துச் சான்றிதழ் வாங்கச் சொன்னேன். வாங்கினார்.

எவ்வளவு காலம் போதும்? விதியில் எண் இல்லை. மருத்துவக் கையேட்டின்படி, நோய் அறிகுறிகள் இல்லாமல் மூன்று மாதம் கடந்தால் ஆரம்ப நிலை மீட்சி, 12 மாதம் கடந்தால் நிலைத்த மீட்சி. அது டாக்டர்களின் அளவுகோல், தீர்ப்பவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஓர் ஆண்டு என்பது மனதில் வைத்துக்கொள்ளத்தக்க மைல்கல். இன்னும் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தால், குற்ற நடத்தை பற்றிய ‘ஜே’ நெறியில் அதுவே தனிப் பாதகம். முடிந்தால் அது முடியும் வரை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

6. படிவம்: 22-ஆம் பிரிவையும் 24-ஆம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிரப்புங்கள்

இப்போதுதான் படிவத்தைத் திறக்க வேண்டும்.

ஒரு மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு பையன் மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தான். மவுஸ் ‘இல்லை’ என்ற வட்டத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. “அண்ணா, பதினோரு வருஷம் ஆச்சு. கோர்ட்டே தீர்ப்பு எழுதாம விட்டுடுச்சு. வக்கீல் ரெக்கார்டே இல்லைன்னு சொன்னார். இதையும் எழுதணுமா?” கேள்வியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தான். ‘எப்போதாவது’ என்ற சொல்லில் குரல் தேய்ந்தது.

22-ஆம் பிரிவு போலீஸ் பதிவு. அதன் முதல் பகுதி கடந்த ஏழு ஆண்டுகளைக் கேட்கும். இரண்டாம் பகுதி ஏழு ஆண்டு வரம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, மது அல்லது போதைப்பொருள் தொடர்பாக எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டீர்களா என்று கேட்கும். தண்டனை பெற்றீர்களா என்று இல்லை, குற்றம் சாட்டப்பட்டீர்களா என்று. மேரிலாந்தில் தீர்ப்புக்கு முன்பே நன்னடத்தையில் விடுவது, கலிஃபோர்னியாவில் மது சார்ந்த அசட்டை ஓட்டுதலாகக் குறைப்பது, தள்ளுபடி, பதிவை நீக்கியது எல்லாமே இதில் அடங்கும். பதிவு மூடப்பட்டிருந்தாலும் எழுத வேண்டும் என்று பிரிவின் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். சில கூட்டாட்சிப் போதைப்பொருள் வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. 300 டாலருக்குக் குறைந்த போக்குவரத்து அபராதத்தை எழுத வேண்டியதில்லை என்ற சலுகையும், மது சம்பந்தப்பட்டால் பொருந்தாது.

24-ஆம் பிரிவு மதுவைப் பற்றியது. முதல் கேள்வி: கடந்த ஏழு ஆண்டில் குடியால் வேலை, உறவு, பணம் ஆகியவற்றில் பாதிப்போ போலீஸ் தலையீடோ வந்ததா? அடுத்தவை ஏழு ஆண்டோடு நிற்காதவை: ஆலோசனை அல்லது சிகிச்சை பெறச் சொல்லி எப்போதாவது உத்தரவோ அறிவுரையோ வந்ததா? நீங்களாகவே எப்போதாவது சிகிச்சை தேடினீர்களா?

அந்தப் பையனுக்கு வர வேண்டிய விடை இப்படி: 24-இன் முதல் கேள்விக்கு ‘இல்லை’, ஏனென்றால் ஏழு ஆண்டு தாண்டிவிட்டது. 22-இன் இரண்டாம் பகுதிக்கு ‘ஆம்’. நீதிமன்றம் வகுப்புக்கு அனுப்பியதால் 24-இன் இரண்டாம் கேள்விக்கும் ‘ஆம்’. ஒரே சம்பவம், மூன்று இடம், இரண்டு விதமான விடை. புதியவர்கள் முதல் ‘இல்லை’யைப் போட்ட கையோடு மற்றவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டதற்குப் பெயர் படிவத்தில் மறைத்தல்.

டாக்டர் வருடாந்தப் பரிசோதனையில் “கொஞ்சம் குறைச்சுக்கோங்க” என்று சொல்வது ஒன்று. ஆலோசகரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டாவது கட்டாயம் எழுத வேண்டியது. சென்னையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் அப்பா கொண்டுபோய்ச் சேர்த்து மூன்று வாரம் இருந்தீர்களா? அதுவும் சிகிச்சைதான். குடும்ப மானம் என்று நினைத்து இதை மறைப்பவர்கள் நம்மில் அதிகம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், படிவத்தில் முடியாது.

குடியால் வேலை போயிருந்தால் 13-ஆம் பிரிவிலும், ராணுவத்தில் ஒழுங்கு நடவடிக்கை வந்திருந்தால் 15-ஆம் பிரிவிலும் அதே தேதிகள் வர வேண்டும். உங்கள் தேதித்தாளைத் திரையின் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

குறிப்புப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். நான்கைந்து வரி போதும். உதாரணமாக: “2019 மார்ச்சில் நண்பர் வீட்டு விருந்திலிருந்து திரும்பும்போது கைதானேன். அளவு 0.12. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 12 வார வகுப்பை அந்த ஆண்டு செப்டம்பரில் முடித்தேன், சான்றிதழ் உள்ளது. அதன்பின் சம்பவம் ஏதும் இல்லை. இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு பீர், குடித்த நாளில் வண்டி எடுப்பதில்லை.” காரணம் சொல்லி யார் மேலும் பழி போட வேண்டாம். போலீஸ்காரர் கடுமையாக நடந்துகொண்டார், நண்பன்தான் ஊற்றினான் என்பதெல்லாம் பொறுப்பேற்கவில்லை என்றே படும்.

தெரிந்தே பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை. அதைவிட நடைமுறையில் அடிக்கடி நடப்பது இது: குடிப் பிரச்சினையைக் காலமும் சிகிச்சையும் ஆற்றிவிடும், ஆனால் மறைத்ததற்காக ‘இ’ என்கிற தனி நெறியில் வழக்குத் தனியாக ஓடும். ஏற்கெனவே தவறாக அனுப்பிவிட்டீர்களா? அதிகாரி கேட்கும் முன்பே நீங்களாக முன்வந்து திருத்துங்கள். அப்படிச் செய்வதை அந்த நெறியே சாதகமாக எடுத்துக்கொள்கிறது. கேட்ட பிறகு திருத்தினால் அந்தச் சாதகம் கிடைக்காது.

7. விசாரணை அதிகாரியின் நேர்காணல்

வருபவர் தீர்மானிப்பவர் அல்ல. கேட்டு, எழுதி அனுப்புபவர். அதனால் அவரிடம் வாதாட வேண்டியதில்லை. விட்டுப்போனது ஏதாவது இருந்தால் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி குடிப்பீர்களா என்பது போன்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். உணர்ச்சிவசப்பட்டு “இனித் தொடவே மாட்டேன்” என்று சொல்லாதீர்கள், அது உண்மையான முடிவாக இல்லாவிட்டால். ஆறு மாதம் கழித்து எழுத்தில் கேட்கும்போது “எப்போதாவது ஒயின்” என்று பதில் எழுதினால், குடித்ததைவிட வாக்குறுதி உடைந்ததுதான் கண்ணில் படும்.

பக்கத்து வீட்டார், பழைய மேலாளர், விவாகரத்தான துணை ஆகியோரிடமும் பேசக்கூடும். அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். இப்படி ஒரு விசாரணை வரலாம் என்று தகவல் மட்டும் சொன்னால் போதும்.

8. எழுத்துக் கேள்விகளும் எஸ்.ஓ.ஆர். என்ற காரண அறிக்கையும்

சந்தேகம் தீராவிட்டால் தீர்ப்புப் பிரிவு எழுத்துக் கேள்விகள் அனுப்பலாம். நேர்காணலின் சுருக்கத்தையும் இணைத்து, இது சரிதானா என்று கேட்பார்கள். வரி வரியாகப் படித்துத் தவறுகளைத் திருத்துங்கள். அப்படியே கையெழுத்துப் போட்டால் அதிகாரி தவறாக எழுதியதும் உங்கள் வாக்குமூலம் ஆகிவிடும்.

அடுத்து வருவதுதான் எஸ்.ஓ.ஆர்., அதாவது அனுமதி தர ஏன் தயங்குகிறோம் என்று அரசு சொல்லும் அறிக்கை. எந்த நெறி, எந்தச் சம்பவம் என்று எண் போட்டு இருக்கும். ஒப்பந்த ஊழியர்களுக்கு இது டோஹா என்ற பாதுகாப்புத் துறை விசாரணை அலுவலகத்துக்குப் போகும். கையில் கிடைத்த நாளிலிருந்து 20 நாள். ஒவ்வோர் எண்ணுக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று சத்தியப் பிரமாணமாக எழுத வேண்டும். பொதுவாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் அது பதிலே ஆகாது. நேரம் போதாவிட்டால் கெடுவுக்குள்ளேயே காரணம் சொல்லிக் கூடுதல் நாள் கேளுங்கள்.

அதே பதிலில், நேரில் விசாரணை வேண்டுமா, எழுத்து ஆவணத்தை வைத்தே தீர்ப்பு போதுமா என்றும் சொல்ல வேண்டும். எழுத்து வழியைத் தேர்ந்தால் அரசுத் தரப்பு ஆவணத் தொகுப்பை அனுப்பும். பதில் தர 30 நாள். கூச்சத்தாலும் செலவுக்குப் பயந்தும் பலர் இந்த வழியை எடுக்கிறார்கள். குடி வழக்குகளில் அது தவறான தேர்வு என்பது என் உறுதியான கருத்து. திருந்தியிருக்கிறாரா என்பதுதான் இங்கே கேள்வி. நீதிபதி உங்களைப் பார்க்க வேண்டும், உங்கள் குரலைக் கேட்க வேண்டும், உங்கள் மனைவியிடமோ மேலாளரிடமோ இரண்டு கேள்வி கேட்க வேண்டும். காணொளி வழியாகவும் விசாரணை நடக்கிறது, பயணச் செலவு பெரிய தடையில்லை.

சாட்சியாக வருபவருக்கு உங்கள் வழக்கின் முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். “அவர் ரொம்ப நல்லவர்” என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கைதைப் பற்றிக் கேட்டதும் விழிக்கும் மேலாளரால் தீமையே அதிகம்.

எஸ்.ஓ.ஆர். வந்த பிறகு தொடங்கிய சிகிச்சைக்கு எடை குறைவு. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் செய்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். 4-ஆம், 5-ஆம் படிகளை முன்னால் வைத்ததற்குக் காரணம் இதுதான். இருந்தாலும் இப்போதாவது தொடங்குங்கள். ஒன்றும் இல்லாமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

9. கிடைத்தால், கிடைக்காவிட்டால்

கிடைத்தவர்களுக்கு: ‘சீட் 3’ விதிப்படி கைதையும் மது தொடர்பான சிகிச்சையையும் நீங்களே தெரிவிக்க வேண்டும். முன்பு ஐந்து அல்லது பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுவிசாரணை வரும் என்றிருந்தது. இப்போது தொடர் கண்காணிப்பு முறை வந்துவிட்டதால், கைதுப் பதிவு தானாகவே அவர்கள் கண்ணில் படும். நீங்கள் அதற்கு முந்திக்கொண்டு பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் முதலில் டாக்டர், அப்புறம் பாதுகாப்பு அலுவலர். இரண்டையும் அதே வாரத்தில் செய்யுங்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது அப்படி வந்து நின்ற யாரையும் குறைவாக நினைத்ததில்லை.

மறுக்கப்பட்டவர்களுக்கு: மேல்முறையீட்டு அறிவிப்பைத் தீர்ப்புத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். விரிவான வாதத்துக்கு 45 நாள். மேல்முறையீட்டு வாரியம் புதிய ஆதாரம் எதையும் வாங்காது. தீர்ப்புக்குப் பின் எடுத்த நல்ல பரிசோதனை முடிவை அங்கே அனுப்பிப் பயனில்லை. நீதிபதி விதியைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்பதையே பார்ப்பார்கள்.

அதனால் பலருக்கு மேல்முறையீட்டைவிட மறுவிண்ணப்பமே பொருத்தமான வழி. மறுப்புக்குப் பின் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும், அனுமதி தேவைப்படும் வேலையும் மீண்டும் கையில் இருக்க வேண்டும். அந்த ஆண்டில் தீர்ப்பை மேசையில் விரித்துவைத்து, எங்கெல்லாம் ஆதாரம் போதவில்லை என்று எழுதியிருக்கிறார்களோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். டாக்டரின் முன்கணிப்பு இல்லை என்று ஒரு வரி இருந்தால் அதற்கு ஒரு கடிதம். காலம் போதாது என்று இருந்தால் 12 மாதப் பரிசோதனை முடிவுகள். வகுப்பு முடிக்கவில்லை என்று இருந்தால் அந்தச் சான்றிதழ். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காகிதம் சேர்ந்த பிறகு, 2-ஆம் படியில் எழுதிய தேதித்தாளை எடுத்து, இந்த ஓர் ஆண்டையும் அதன் கீழே சேர்த்து எழுதுங்கள்.